கியர் விழவில்லையா? கியர் பாக்ஸை இறக்கும் முன் கிளட்ச்சைப் பாருங்கள்

கேள்வி: இருபது வருடத்துக்கு மேல் ஓடிய பிக்கப் வைத்திருக்கிறேன். காலையில் முதல் கியர் முரண்டு பிடிக்கிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்துகிறது. பெடலை இரண்டு மூன்று முறை அடித்துவிட்டுப் போட்டால் விழுந்துவிடுகிறது. கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவு குறையவில்லை, கீழேயும் சொட்டவில்லை. கியர் பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பெடலை அடித்தால் கியர் விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கியர் பாக்ஸுக்குள் தேய்மானம் என்றால் பெடலை எத்தனை முறை அடித்தாலும் அது மாறாது. இந்தப் புகாரோடு என்னிடம் வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு கிளட்ச் ஹைட்ராலிக்கில்தான் இருக்கும், அதாவது பெடல் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கியர் பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டருக்கு, மிதிக்கும் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கொண்டுபோகும் அமைப்பில். நல்ல கியர் பாக்ஸை வீணாகப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் கியர் லிவர், அதைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் பக்கம் தேட வேண்டும். சுலபமாக விழுந்தால், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, பெடலை முழுக்க மிதித்து, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அவ்வளவு பொறுத்தும் கத்தினால், கிளட்ச் பிளேட் எஞ்சினிலிருந்து முழுசாக விடுபடாமல், கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டான இன்புட் ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. அதனால்தான் முதல் புகார் அங்கிருந்து வருகிறது.

சரி, ஏன் விடுபடவில்லை? எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து, ஸ்லேவ் சிலிண்டரின் ராடு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். எவ்வளவு நகர வேண்டும் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பல பிக்கப்களில் அது ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சில மில்லிமீட்டர் குறைந்தாலே பிளேட் உரச ஆரம்பித்துவிடும்.

அளந்ததோடு எழுந்து வந்துவிடாதீர்கள். பெடலை ஒரு நிமிடம் மிதித்தபடியே வைத்திருக்கச் சொல்லி ராடைக் கவனியுங்கள். மெல்ல மெல்லப் பின்வாங்குகிறதா? அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, அழுத்தம் தாங்காமல் ஆயிலை விடுகிறது. அந்த ஆயில் வெளியே எங்கும் போவதில்லை, திரும்ப டப்பாவுக்கே வந்துவிடுகிறது. அளவு குறையாமல், சொட்டாமல் கிளட்ச் கெடுவது இப்படித்தான். உங்கள் வண்டியிலும் இதுதான் என் முதல் சந்தேகம். சிலிண்டரின் உள்சுவரில் துரு அரித்த குழி இருந்தால் புது கப் மட்டும் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றிவிடுங்கள்.

ராடு பின்வாங்கவில்லை, ஆனால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றால் லைனில் காற்று. பழைய ரப்பர் ஹோஸையும் பாருங்கள், மிதிக்கும்போது அது உப்பினால் அழுத்தம் அங்கேயே வீணாகிறது. அப்புறம், ஸ்லேவின் தூசி உறையை விலக்கிப் பாருங்கள். வெளியே காய்ந்திருந்தாலும் உறைக்குள் ஆயில் தேங்கியிருக்கலாம், அப்படியென்றால் ஸ்லேவ் கசிகிறது.

காற்று எடுக்கும்போது, ஸ்லேவில் அதற்கென்றே இருக்கும் சின்னத் திருகான நிப்பிளைத் திற, மிதி, மூடு, அப்புறம்தான் பெடலை விடு. இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். நிப்பிள் ஸ்லேவின் மேல்முனையில் இருக்க வேண்டும். லைன் மேலேறி இறங்கும் வண்டிகளில் பெடலை மிதித்து எடுத்தால் காற்று முழுக்க வராது, சிரிஞ்சால் ஸ்லேவ் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாக ஆயிலை ஏற்றுங்கள். டப்பா மூடியில் போட்டிருக்கும் தர ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கறுத்த ஆயிலை விட்டுவைக்காதீர்கள். அவசரத்துக்குக்கூட எஞ்சின் ஆயில் ஊற்றாதீர்கள், ரப்பர் எல்லாம் ஊதிப் போகும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிலர் பெடல் ராடை நீட்டிவிட்டு “சரியாகிவிட்டது” என்று அனுப்புவார்கள். பெடலில் இருக்க வேண்டிய சிறிய தளர்வு (ஃப்ரீ ப்ளே) போய்விட்டால், மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும். சூடு ஏறினால் லைனில் அழுத்தம் தேங்கி, கிளட்ச் வழுக்கிக் கருகும்.

ராடு முழு அளவு நகர்ந்தும் கத்துகிறதா? அப்போது கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், இன்புட் ஷாஃப்டில் பிளேட் நகரும் பள்ளங்களான ஸ்பிளைனில் துரு, அந்த ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியது, ஸ்லேவ் ராடு தள்ளும் ஃபோர்க்கில் விரிசல் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் பிரிக்கத் தேவையில்லை. ஸ்லேவ், கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கும் வண்டியானால், ஒருமுறை இறக்கும்போதே அதையும் பிளேட்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மூன்றிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும் சத்தம். மற்ற கியர்கள் அருமையாக விழுகின்றன.

பதில்: இது கிளட்ச் இல்லை. ஒரே கியர் கத்தினால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். அதற்கு முன் என்ன ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்கும் கியர் பெட்டியில் ஜிஎல்-5 தர ஆயில் ஊற்றினால், பித்தளை ரிங்குக்கு வேண்டிய பிடிப்பு கிடைக்காமல் போகலாம், சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளையை அரிக்கவும் செய்யும். ஆயிலை வடித்துப் பாருங்கள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் மாவு போன்ற கசடு இருந்தால் பயமில்லை, துண்டு துண்டாக உலோகம் வந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். அதுவரை நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, மறுபடி மிதித்து இரண்டாவதைப் போடுங்கள்.

கேள்வி: நியூட்ரலில் நிற்கும்போது ஒரு உறுமல். கிளட்ச் மிதித்தால் நின்றுவிடுகிறது.

பதில்: இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மிதிக்கும்போது சத்தம் வந்தால்தான், கிளட்ச்சை விடுவிக்க அழுத்தும் ரிலீஸ் பேரிங். இன்றே கியர் ஆயில் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்பிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.