வயதாகிவிட்டது என்று முதன்முதலில் எப்போது உணர்ந்தீர்கள்?

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு இப்போதுதான் 40 நெருங்குகிறது போலிருக்கிறது. காதோரம் நாலு நரை தெரிந்திருக்கும், பயந்துவிட்டீர்கள். அதெல்லாம் கணக்கிலேயே வராது. எனக்கு 35-லேயே நரைத்துவிட்டது. 43-ல் வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய், 40-க்கு மேல் ஏறக்குறைய எல்லோருக்கும் வருவதுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கருவூலத்தில் பில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிழவியாகிவிட்டோம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

தோன்றியது, ஓய்வுபெற்றபின் கண்புரைக்குக் காட்டப் போன இடத்தில். பையன் துணைக்கு வந்திருந்தான். டாக்டர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் திருப்பி, "அம்மாவுக்கு சுகர் இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்றார். அவனுக்கு என்ன தெரியும்? என்னைப் பார்த்தான். நான்தான் பதில் சொன்னேன். அடுத்த கேள்வியும் அவனிடமே போனது. எந்த லென்ஸ் வைக்கலாம், எவ்வளவு ஆகும் என்பதும் அப்படியே. பணம் போவதோ என் பென்ஷனிலிருந்து! சர்வீஸ் முழுக்க அடுத்தவர் பில்லில் கூட்டல் தப்பைப் பிடித்து, அப்ஜெக்‌ஷன் போட்டுத் திருப்பி அனுப்பியவள் நான். "டாக்டர், கண்ணு என்னோடது. என்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் பையன், "ஏம்மா, அவர்கிட்ட போய் இப்படியா பேசுவ?" என்கிறான். அவனுக்கு மானம் போய்விட்டதாம்.

உடனே டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வரவேண்டாம். ஆபரேஷனை நன்றாகவே செய்தார். காது கேட்காதவர்கள், ஞாபகம் தப்பியவர்கள் வந்தால் கூட வந்தவரிடம்தான் கேட்க முடியும், அது எனக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என்னையும் அந்த வரிசையில் சேர்த்ததுதான் உறைத்தது.

2006-ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், 40 தாண்டியவர்கள் தங்கள் வயதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் இளையவர்களாக உணர்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கில் 63 வயதான எனக்கு 50. சரியாகத்தான் இருக்கிறது.

அரசாங்கத்தின் கணக்குதான் எனக்குப் புரிவதே இல்லை. தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 58-ஆக இருந்தது. 2020-ல் 59 ஆக்கினார்கள், 2021-ல் 60. ஓய்வுக்காலப் பணப்பலனைத் தள்ளிப்போடத்தான் என்று நாங்கள் ஆபீசில் பேசிக்கொண்டோம். அது போகட்டும். ரயிலில் 58 வயதுப் பெண்களுக்குப் பாதிக் கட்டணம் இருந்ததே, அதைக் கொரோனாவைச் சொல்லி 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். எனக்கு 58 முடிய அப்போது சில மாதம்தான் பாக்கி! கொரோனா போயே போய்விட்டது, சலுகை இன்னும் வந்தபாடில்லை. கீழ் பெர்த் ஒதுக்கீட்டுக்கு மட்டும் 45 வயதுப் பெண்ணே மூத்தவள். படுக்க இடம் கொடுக்க 45-லேயே கிழவி, டிக்கெட் காசு வாங்க 63-லும் குமரி. போன மாதம் திருச்செந்தூருக்கு முழுக் கட்டணம் கட்டித்தான் போய்வந்தேன்.