கார்டு வந்துவிட்டது, லைசென்ஸ் எங்கே?

கேள்வி: டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவில் வசிக்கிறோம். நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், மனைவி என்னைச் சார்ந்து வந்தவருக்கான எச்4 விசாவில். மகனுக்கு 14 வயது, கோயம்புத்தூரில் பிறந்தவன். மகளுக்கு 11, இங்கேயே பிறந்தவள். போன மாதம் இரண்டு பேரும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, முதல் முறையிலேயே பாஸ் செய்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் துப்பாக்கியைத் தொட்டவர் யாருமே இல்லை. எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. நவம்பரில் லானோ பக்கம் உள்ள ஒரு ராஞ்சுக்கு, அதாவது பெரிய பண்ணைக்கு, மான் வேட்டைக்கு வரும்படி நண்பர் கூப்பிடுகிறார். மகனுக்கென ஒரு ரைஃபிளைத் தன் பெயரிலேயே வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். பிள்ளைகளிடம் கார்டு இருப்பதால் வேறு எதுவும் தேவையில்லைதானே? படம் ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் உங்கள் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகள் இரண்டு கார்டுகளையும் உயர்த்திக் காட்டுகிறாள். மகன் உங்கள் நண்பருடைய ரைஃபிளைப் பிடித்திருக்கிறான். என் கண் முதலில் போனது அவன் வலது கை ஆள்காட்டி விரலுக்கு. அது ட்ரிகர் மேல் இல்லை, ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்குள்ளும் இல்லை. வெளியே, மரக்கட்டையை ஒட்டி நேராக நீண்டிருக்கிறது. குழல் தரையைப் பார்க்கிறது, தங்கை நிற்கும் பக்கம் இல்லை. படம் எடுக்கும்போது யாரும் அதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை வகுப்பில் தன்னார்வப் பயிற்றுநராக இதைத்தான் வருடக்கணக்காகக் கற்றுக்கொடுக்கிறேன். பெரியவர்களில் பாதிப் பேருக்கு அந்த விரல் வளையத்துக்குள்தான் போய் உட்காரும். நீங்கள் பெருமைப்படுவதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்தப் படத்தை எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்களோ, அங்கிருந்தெல்லாம் இன்றே எடுத்துவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் பிள்ளைகள் வாங்கியது பயிற்சிச் சான்று. வேட்டையாடும் அனுமதி வேறு. இங்கே பேச்சு வழக்கில் இரண்டையும் 'ஹன்டர் கார்டு' என்றே சொல்லிக் குழப்பிவிடுகிறார்கள். சான்று ஆயுள் முழுக்கச் செல்லும், மற்ற மாநிலங்களிலும் ஏற்பார்கள். தொலைந்தாலும் மாநிலப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையின் தளத்தில் இலவசமாக மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். லைசென்ஸ் என்பது ஒவ்வொரு ஆண்டும் பணம் கட்டி வாங்குவது. 17 வயதுக்குக் கீழே இருந்தால் 7 டாலர். பெரியவர்களுக்கு, டெக்சாஸ்வாசி என்றால், 25 டாலரிலிருந்து ஆரம்பம்.

இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயமில்லை. உங்கள் மகள் வேட்டைக்குப் போகும் நாளுக்கு முன் 7 டாலர் கட்டினால் போதும். உங்கள் மகனுக்கு அப்படி இல்லை. குடியேறாத விசாவில், அதாவது எச்1பி, எச்4, எஃப்1 போன்றவற்றில், வந்திருக்கும் யாரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். சொந்தமாக வாங்குவது மட்டும் இதில் வராது. பயிற்சித் தளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும், நண்பருடைய ரைஃபிளைக் கையில் பிடிப்பதும்கூட 'வைத்திருப்பது' ஆகிவிடலாம். 2019-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு, மாணவர் விசாவில் வந்து தகுதியை இழந்த ஓர் இளைஞர் பயிற்சித் தளத்தில் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்ததில்தான் ஆரம்பித்தது. தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். விசாவும் அதோடு போய்விடும். துப்பாக்கிக் குற்றம் என்பது நாடு கடத்தத் தனியாகவே ஒரு காரணம். கையில் கொடுத்தவர் விஷயம் தெரிந்து கொடுத்திருந்தால் அவர் மேலும் குற்றம். நண்பரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இதற்கு விதிவிலக்கு உண்டு, அதுதான் உங்களைக் காப்பாற்றப் போகிறது. அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட வேட்டை லைசென்ஸ் ஒன்றை வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. சட்டத்தில் சுருக்கமாக ஒரே வரிதான். ஆனால் அந்த வரியை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டும்.

'வேட்டை லைசென்ஸ்' என்று சொல்லியிருக்கிறது. மீன்பிடி லைசென்ஸ் போதாது. ஏரிக்கரையில் தூண்டில் போட வாங்கிய சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு "லைசென்ஸ் இருக்கிறது சார்" என்று சொன்ன இரண்டு பேரை நானே பார்த்திருக்கிறேன். பயிற்சிச் சான்றும் போதாது. உங்கள் மகன் எடுத்த மதிப்பெண் நூற்றுக்கு நூறாக இருந்தாலும் அந்த வரிக்குள் அது வராது. வகுப்பில் நாங்கள் கொடுப்பது பயிற்சித் துப்பாக்கி, டம்மி தோட்டா. அதனால் அங்கே உட்கார்ந்ததில் ஒரு தப்பும் இல்லை.

அடுத்தது, 'வைத்திருப்பவர்'. யாருடைய கையில் துப்பாக்கி இருக்கிறதோ அவர் பெயரில் லைசென்ஸ் இருக்க வேண்டும். அப்பாவின் லைசென்ஸ் மகனைக் காப்பாற்றாது. மகனுடையது உங்களைக் காப்பாற்றாது. ரைஃபிளைக் காரில் வைத்து ஃப்ரிஸ்கோவிலிருந்து லானோ வரை ஓட்டிப் போகப் போவது நீங்கள்தானே? அப்படியானால் நீங்கள் ஒரு தோட்டாகூடச் சுடாவிட்டாலும் உங்களுக்கும் லைசென்ஸ் வேண்டும். வீட்டில் துப்பாக்கிப் பெட்டியின் எண் பூட்டை உங்கள் மனைவியும் அறிவார் என்றால் அவருக்கும் ஒன்று எடுத்துவிடுங்கள். 25 டாலரை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அல்ல.

மூன்றாவதுதான் எல்லோரும் விழும் குழி. லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். டெக்சாஸில் எந்த மாதம் வாங்கினாலும் வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிந்துவிடும். நவம்பரில் வாங்கி, ஜனவரியில் சீசன் முடிந்து, ரைஃபிளை அலமாரியில் வைத்துப் பூட்டி, அப்புறம் மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். செப்டம்பர் 1 காலையில் நீங்கள் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே குற்றம் தொடங்கிவிடுகிறது. யாரும் கடிதம் போட மாட்டார்கள், போனில் மணி அடிக்காது. ஆகஸ்ட் 15 வாக்கில் அடுத்த ஆண்டுக்கான லைசென்ஸ் விற்பனைக்கு வரும். அன்றே வாங்கிவிடுங்கள். அதை அச்சிட்டுத் துப்பாக்கிப் பெட்டியிலேயே ஒரு பிரதி வையுங்கள்.

இது ஏன் வகுப்பில் சொல்லப்படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்த ஆத்திரம் உண்டு. வகுப்பு மாநிலத்தின் வனவிலங்குத் துறையுடையது. துப்பாக்கிச் சட்டம் மத்திய அரசின் ஒரு துறைக்கு. விசா இன்னொன்றுக்கு. மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. டாலஸைச் சுற்றி இத்தனை ஆயிரம் எச்1பி குடும்பங்கள் இருக்கும் இடத்தில், பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? இந்தப் பயிற்சிக்கான பணமே துப்பாக்கி, தோட்டா விற்பனை மீது 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலாகும் வரியிலிருந்து வருகிறது. பணம் இல்லை என்று சொல்லவும் முடியாது. குடியேற்ற வழக்கறிஞர்களிலும் பலருக்கு இந்த ஒரு வரி தெரியாது. "துப்பாக்கியே வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது நண்பருடைய யோசனைக்கு வருகிறேன். தன் பெயரில் வாங்கித் தருகிறாராம். வேண்டாம். உங்கள் பணத்தில், உங்களுக்காக, தானே உரிமையாளர் என்று கடையில், துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு இங்கே 'ஸ்ட்ரா பர்ச்சேஸ்' என்று பெயர். 2022-இல் இதற்கென்றே தனிச் சட்டப் பிரிவு வந்துவிட்டது. அதற்கும் 15 ஆண்டு வரை. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் நம் ஆட்களில் இப்படி உதவி செய்யப் போய்ச் சிக்குபவர்கள்தான் அதிகம். கடைக்காரர் சிலரும் "க்ரீன் கார்டு என்று டிக் பண்ணிவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்பார்கள். ஒரு கடையில் என் காதுபட ஒருவர் அப்படிச் சொன்னார். அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். லைசென்ஸைக் காட்டி உங்கள் பெயரிலேயே நேராக வாங்க வழி இருக்கும்போது பொய் எதற்கு?

இதைவிட என்னை அதிகம் எரிச்சல்படுத்துபவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். அரசுத் தளம் போலவே சின்னம், நிறம் எல்லாம் போட்டு "விசாக்காரர்களுக்குத் துப்பாக்கி அனுமதி பேக்கேஜ்" என்று 200, 300 டாலர் வாங்குகிறார்கள். அப்படி ஒரு பேக்கேஜ் எந்த அரசிலும் கிடையாது. நீங்கள் கட்ட வேண்டியது வனவிலங்குத் துறையின் தளத்திலோ, வால்மார்ட், அகாடமி போன்ற கடைகளின் கவுண்டரிலோ மட்டும்தான். வேட்டை நிலத்தைக் குத்தகைக்குத் தருவதாக வரும் விளம்பரங்களும் அப்படியே. என் வகுப்புக்கு வந்த ஒரு தகப்பனார், மகனுடைய முதல் சீசனுக்கென்று 1,800 டாலரைப் போனிலேயே அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு நான்கு மணி நேரம் ஓட்டிப் போய் ஒரு பூட்டிய கேட்டின் முன் நின்றார். உள்ளே இருந்து வந்த உண்மையான உரிமையாளருக்கு விளம்பரம் பற்றி ஒன்றுமே தெரியாது. பின் இருக்கையில் அந்தப் பையன் வேட்டைக்காரர்கள் அணியும் ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். நிலத்தை நேரில் பார்க்காமல், உரிமையாளரைச் சந்திக்காமல் ஒரு டாலரும் அனுப்பாதீர்கள்.

உங்களுக்கு நண்பரின் ராஞ்ச் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. அது அமையாவிட்டாலும் கவலை வேண்டாம். 'டெக்சாஸ் யூத் ஹன்டிங் புரோகிராம்' என்று 1996 முதல் நடக்கிறது. 9 முதல் 17 வயது வரை உள்ள, இந்த வகுப்பில் தேறிய பிள்ளைகளைப் பெற்றோரோடு அழைத்துப் போய், பக்கத்திலேயே வழிகாட்டி ஒருவரை வைத்து வேட்டையாட விடுகிறார்கள். செலவு குறைவு. என்னைக் கேட்டால் முதல் முறைக்கு அதுவே நல்லது. அங்கே போக மகனுக்கு லைசென்ஸ் எப்படியும் வேண்டும்.

வாங்கும் துப்பாக்கியைப் பற்றி ஒரே வார்த்தை: 14 வயதுப் பையனுக்கு உதைப்பு குறைந்ததாக இருக்கட்டும். .243 என்ற தோட்டா அளவுள்ள ரைஃபிள் போதும். வாங்கிய பிறகு அதைப் பூட்டி வையுங்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கி மேற்பார்வை இல்லாமல் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டுமாறு வைத்தால் டெக்சாஸில் அதுவே தனிக் குற்றம். வகுப்பில் பாஸ் ஆகியிருக்கிறான் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

இன்னொன்று, ஊருக்குப் போகும்போது. ராஞ்சுக்கு எடுத்துப் போன பையை இந்தியப் பயணத்துக்குத் தொடவே தொடாதீர்கள். பக்கப் பையின் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தால் போதும். நம் ஊரில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்கு. தெரியாமல் வந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வெளியே வரலாம், வந்தவர்களும் உண்டு. ஆனால் அதற்குள் விடுமுறையும் முடிந்து, விசா முத்திரைக்குக் குறித்த நாளும் போய்விடும். வேட்டைக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டிக்கு எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எல்லாப் பெற்றோரும் கடைசியில் என்னிடம் வந்து நிற்பது அதற்குத்தான். உங்கள் மகளையே பேச விடுங்கள். வகுப்பில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், மஞ்சள் தோட்டாவைப் பற்றிச் சொல்லுவாள். கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அகல அளவு, எண் கூடினால் குழல் சிறியது. 20 கேஜ் ஷாட்கன் தோட்டா இங்கே பொதுவாக மஞ்சள் நிறத்தில்தான் வரும். தவறுதலாக அதை 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் நழுவிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். வெளியே தெரியாது. சுடவில்லையே என்று பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டு விசையை அழுத்தினால், குழல் முகத்துக்கு முன்னாலேயே வெடித்துத் திறந்துவிடும். அப்படி வெடித்த ஒரு குழலை வகுப்பில் கையில் கொடுப்பேன். இரும்பு வாழைப்பழத் தோல் போல உரிந்து நிற்கும். அதைத் தொட்ட பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒவ்வொரு தோட்டாவையும் நிறம் பார்க்காமல் எடுப்பதில்லை. சுடக் கற்றுக்கொடுத்தார்களா என்று பாட்டி கேட்டால், எப்போதெல்லாம் சுடக் கூடாது என்பதையே நாள் முழுக்கச் சொன்னார்கள் என்று அவள் பதில் சொல்லட்டும். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் சுடக் கூடாது, வேலியைத் தாண்டும் முன் தோட்டாவை எடுத்துவிட வேண்டும், அரசு நிலத்தில் ஆரஞ்சு உடை இல்லாமல் இறங்கக் கூடாது. பாட்டிக்கு அதில் புரியாதது ஒன்றும் இல்லை.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது: மகனுக்கு 7 டாலர், மகளுக்கு 7 டாலர், மனைவிக்கும் உங்களுக்கும் 25 டாலர் வீதம், மொத்தம் 64 டாலர். நான்கு பெயர்கள், நான்கு லைசென்ஸ். உங்களுக்கு ஒரு வேலை கூடுதலாக உண்டு. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்பதால் நீங்களும் வேட்டையாட வேண்டுமானால் இதே வகுப்பில் தேற வேண்டும். பிள்ளைகளை விட்டே சொல்லித்தரச் சொல்லுங்கள், நன்றாகச் சொல்லித்தருவார்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அதே படத்தை மறுபடி எடுத்து எனக்கு அனுப்புங்கள். மகன் அதே இடத்தில் நிற்கட்டும், விரலை அப்படியே வைக்கட்டும். வகுப்பறைச் சுவரில் ஒட்ட எனக்கு அது வேண்டும்.