இளையோர் நாவல் எழுதுகிறவர்களுக்கு: கேள்வி - பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கிறவர்களுக்காக நான் எழுதிய முதல் நாவல் வெளிவந்துவிட்டது. உள்ளூர்ப் பள்ளியில் வந்து பேசச் சொல்கிறார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மொத்தப் பள்ளிக்கும் பேசினால் போதும் என்கிறார் தலைமையாசிரியர். ஒத்துக்கொள்ளலாமா? எந்த மாதம் தோதுப்படும்?
வாசகி, திண்டுக்கல்

பதில்: வழிபாட்டுக் கூட்டம் வேண்டாம். அறுநூறு பேர் வெயிலில் நிற்பார்கள், மைக் கரகரக்கும், பத்து நிமிடத்தில் மணி அடித்துவிடும். கடைசி வரிசைப் பிள்ளைக்கு உங்கள் பெயர்கூடக் காதில் விழாது. இரண்டு பிரிவுகளை ஓர் அறையில் சேர்த்து உட்காரவைத்து, அடுத்தடுத்த இரண்டு பாடவேளை தரச் சொல்லுங்கள். எண்பது பேர், எண்பது நிமிடம், அதற்கு மேல் போகக் கூடாது. நாற்பது பேர் என்றால் இன்னும் நல்லது. பொதுத்தேர்வு இருப்பதால் பத்தாம் வகுப்பை அனுப்ப மாட்டார்கள். எட்டையும் ஒன்பதையும் கேளுங்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் பேச வேண்டியது கால் மணி நேரம்தான். பிறகு நாவலிலிருந்து நான்கு பக்கம் வாசியுங்கள். டெமி அளவு, அதாவது வழக்கமான நாவல் அளவுப் பக்கம் ஒன்றை உரக்க வாசிக்கச் சுமாராக இரண்டு நிமிடம் ஆகும்; நான்கு பக்கத்துக்கு எட்டு நிமிடம். வருணனைப் பகுதி எடுபடாது. இரண்டு பேர் வாக்குவாதம் செய்கிற இடமாக எடுத்து, அது முடிவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரம் கேள்விகளுக்கு. மிச்சமெல்லாம் கையெழுத்துக்கு.

கேள்வி நேரம் சொதப்புவது ஒரே காரணத்தால்தான். ஆசிரியர் முன்கூட்டியே நான்கு பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார், "எழுத்தாளராக உங்களைத் தூண்டியது எது?" என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இதைத் தவிர்க்க, ஒரு வாரம் முன்பே நாவலின் முதல் அத்தியாயத்தை நகலெடுத்து வகுப்புக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி ஒரு டப்பாவில் போடட்டும். அதைப் பிரிப்பது நீங்களாக இருக்க வேண்டும். "உங்களுக்கு எவ்வளவு பணம் வரும்?" என்ற சீட்டு கண்டிப்பாக இருக்கும். மழுப்ப வேண்டாம். 200 ரூபாய்ப் புத்தகம், 10 சதவீத ராயல்டி என்றால் ஒரு பிரதிக்கு 20 ரூபாய் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அதன் பிறகு கேட்கிற கேள்விகள் நிஜமானவையாக இருக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூலையும் ஆகஸ்டின் முதல் பாதியும் நல்லவை. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பொங்கலுக்குப் பிறகு திருப்புதல் தேர்வு. இடையில் அக்டோபரும் நவம்பரும் கிடைக்கும், மழை விட்டால். நவம்பர் 14 அன்று எல்லாப் பள்ளியும் கூப்பிடும். ஆனால் அன்று பாதிப் பிள்ளைகள் மாறுவேடத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் நடனத்துக்குத் தயாராவார்கள். அதே வாரம் 20ஆம் தேதி வரை தேசிய நூலக வாரம். 17, 18 என்று தேதி கொடுங்கள்.

கேள்வி: பேசப் போகிற இடத்தில் பணம் கேட்டால் தவறாக நினைப்பார்களோ?
வாசகர், கோவை

பதில்: தனியார் பள்ளியிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். பயணச் செலவு, தங்குமிடம், மதிப்பூதியம் மூன்றையும் தனித்தனியாக மின்னஞ்சலில் எழுதுங்கள். "பார்த்துச் செய்யுங்கள்" என்று விட்டால் சால்வையும் நினைவுப் பரிசும்தான் மிஞ்சும். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தருகிற மதிப்பூதியம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிப்பது வழக்கம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்ததற்குச் சான்று வாங்கிவையுங்கள்.

அரசுப் பள்ளியில் பணப் பேச்சே வேண்டாம். நூலகத்துக்கு மூன்று பிரதி எடுத்துப் போங்கள். ஆனால் அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியாள் ஒருவர் பேசியது 2024 செப்டம்பரில் பெரிய சர்ச்சையானது. அதிலிருந்து கெடுபிடி கூடிவிட்டது. தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்றாலும், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் போயிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்ன பேசப்போகிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் அவர் வேலையும் சுலபமாகும்.

கேள்வி: தனியார் பள்ளி ஒன்றுக்கு எழுபது பிரதி சுமந்துகொண்டு போனேன், ஒன்பதுதான் விற்றது. எங்கே தப்பு?
வாசகர், நாகர்கோவில்

பதில்: பிள்ளைகளிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். ஜிபே அப்பாவின் போனில் இருக்கிறது, அப்பா கடையில் இருக்கிறார். இரண்டு வாரம் முன்பே பெற்றோருக்கு ஒரு படிவம் போக வேண்டும்: அட்டைப் படம், மூன்று வரிக் கதை, எந்த வயதுக்கு, விலை, கையெழுத்தில் இடம்பெற வேண்டிய பெயர். 185 என்று விலை இருந்தால் பள்ளிக்கு மட்டும் 170 அல்லது 180 என்று ஆக்குங்கள். சில்லறைத் தொல்லை பாதி குறையும். பணம் பெயர் எழுதிய உறையில் வகுப்பாசிரியரிடம் சேரட்டும். இரண்டு நாள் முன்பு ஒரு நினைவூட்டல். வந்த எண்ணிக்கைக்கு மேல் ஐந்து பிரதி எடுத்துப் போனால் போதும். படிவம் போகவில்லை என்றால் பத்துக்கு மேல் சுமக்காதீர்கள்.

கையெழுத்துக்கும் கணக்கு உண்டு. பெயர் கேட்டு, எழுதி, ஒரு வார்த்தை பேச அரை நிமிடம். எண்பது பேருக்கு நாற்பது நிமிடம். தர்ஷினியா தர்சினியா, இனிஷியல் உண்டா இல்லையா என்று வரிசையில் நின்று கேட்டால் அது ஒரு மணி நேரமாகும். பெயர்ச் சீட்டு ஒவ்வொரு பிரதியிலும் முன்பே செருகியிருக்க வேண்டும். தலைப்புப் பக்கம் மேப்லித்தோ, அதாவது வழுவழுப்பில்லாத சாதாரண அச்சுத் தாளாக இருந்தால் எந்தப் பேனாவும் சரி. வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் ஜெல் பேனா எதிர்ப்பக்கத்தில் ஒட்டி மை ஈஷிவிடும்.

வாங்க முடியாத பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டையில் 2க்கு 6 அங்குலப் புத்தகக் குறி அடியுங்கள். லேமினேஷன் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் போட்டுவிட்டு, அதன்மேல் பேனா எழுதவில்லை என்று விழிப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: சென்னைப் புத்தகக் காட்சியில் எல்லா நாளும் அரங்கில் உட்காரட்டுமா என்று பதிப்பாளரிடம் கேட்கலாமா?
வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம். காட்சி நடக்கும் நந்தனத்தில் வேலை நாட்களில் பிற்பகலில்தான் திறப்பார்கள். குடும்பமாக வருவது சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறையில். அதில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் போதும். அறிவிப்பில் அரங்கு எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். அத்தனை வரிசையில் பதிப்பகத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது கஷ்டம். மேசைக்குப் பின்னால் உட்காராமல் வெளியே நில்லுங்கள். பெற்றோரை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் பேசுங்கள். பணம் கொடுப்பது அம்மா, எடுப்பது பிள்ளை.

இதைவிட முக்கியம், புத்தகம் அங்கே இருக்க வேண்டும். டிசம்பரில் எல்லா அச்சகத்திலும் நெரிசல். நவம்பர் கடைசிக்குள் இறுதிக் கோப்பு போகாவிட்டால், காட்சி பாதி முடிந்த பிறகுதான் பண்டல் வந்து இறங்கும்.

கேள்வி: நான் பேசியது முழுவதையும், அத்தியாயம் வாசித்ததையும் சேர்த்து, பள்ளி யூடியூபில் போட்டுவிட்டது. தடுக்க முடியுமா?
வாசகர், திருச்சி

பதில்: முடியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி சொற்பொழிவாற்றுபவரும் பாடகர், நடிகரைப் போல நிகழ்த்துநர்தான். உங்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து வெளியிடக் கூடாது. முதலில் மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். இனிமேல் அழைப்பை ஏற்கும் மின்னஞ்சலிலேயே "ஐந்து நிமிடத் துணுக்கு மட்டும், வாசிப்புப் பகுதி கூடாது" என்று எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்தை நீங்களும் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். பின்வரிசையிலிருந்து முதுகுப் பக்கமாக எடுத்த படமே போதும்.

வாசிப்பைப் பதிவு செய்யச் சம்மதிப்பதற்கு முன், ஒலிநூல் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பதிப்பாளருடனான ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: மதிப்புரைக்கு எத்தனை பிரதி அனுப்புவது?
வாசகி, ஈரோடு

பதில்: பதினைந்து போதும். அதில் பத்தைப் பத்திரிகைகளுக்கு அல்ல, பள்ளி நூலகர்களுக்கும் வாசிப்பு வட்டம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த அழைப்பு அங்கிருந்துதான் வரும். அனுப்பும் முன் போனில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போகிற பார்சல் தலைமையாசிரியர் அறை பீரோவிலேயே கிடக்கும்.