52 டிகிரி முதுகெலும்பு வளைவு: கயிறா, கம்பியா?
மகளுக்கு 13 வயது, முதுகெலும்பு மார்புப் பகுதியில் பக்கவாட்டாக 52 டிகிரி வளைவு (ஸ்கோலியோசிஸ்), ரிஸ்ஸர் 4 (எலும்பு வளர்ச்சி எவ்வளவு முடிந்தது என்பதை எக்ஸ்ரேயில் 0 முதல் 5 வரை குறிக்கும் அளவு); முள்ளெலும்புகளைக் கம்பி வைத்து இணைக்கும் அறுவைக்குப் பதில், அவற்றைக் கயிறு கட்டி இழுக்கும் முறை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகப் பொருந்தாது. கயிறு, வளைவின் புடைத்த பக்கத்தை இறுக்கிப் பிடிக்க, மறுபக்கம் வளர்ந்துதான் முதுகு மேலும் நிமிர வேண்டும். ரிஸ்ஸர் 4 என்றால் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்த கதை. வளரும் பிள்ளைகளுக்கே கயிறு அறுந்து மறு அறுவை நடப்பதுண்டு.

பின்புறமாகத் திருகாணி, இரண்டு கம்பி, எலும்புத்துகள் வைத்து முள்ளெலும்புகளை ஒன்றாக இணைப்பதே வழக்கம். குனிய முடியாமல் போகுமோ என்ற பயம் நியாயம்தான். ஆனால் மார்பு முள்ளெலும்புகள் இயல்பிலேயே அதிகம் அசையாதவை. இணைப்பு எல்1-இல் (இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு) நின்றால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, எல்4 (நான்காவது) வரை இறங்கினால் தெரியும். அதனால் டாக்டரிடம் இரண்டு கேள்வி: பக்கவாட்டில் வளைத்தெடுத்த எக்ஸ்ரேப்படி கடைசித் திருகாணி எந்த எலும்பில்? அறுவையின்போது தண்டுவட நரம்புக் கண்காணிப்பு உண்டா?