மண்டை மழுங்கிய ஸ்க்ரூவுக்கு எதை வாங்குவது?

கேள்வி: காரின் முன் பிரேக் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றலாம் என்று இறங்கினேன். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்டார் (பிலிப்ஸ், கூட்டல் குறிபோல் குழி உள்ள) ஸ்க்ரூக்களில் ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றின் மண்டை வழுக்கி வழுக்கி வெறும் குழியாகிவிட்டது. ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர் செட் மலிவாகவும் கிடைக்கிறது, பல மடங்கு விலையிலும் கிடைக்கிறது. எது வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். எக்ஸ்ட்ராக்டர் என்பது ஸ்க்ரூவில் துளை போட்டு, அதற்குள் எதிர்த்திசையில் திருகிக் கழற்றும் முனை. கடைசியில் கையில் எடுக்க வேண்டிய சாமான். முதலில் வாங்க வேண்டியது, சுத்தியலால் அடித்தால் திரும்பும் கை இம்பாக்ட் டிரைவர். அதே பெயரில் பேட்டரியில் ஓடும் மெஷினும் விற்கிறார்கள், மாற்றி வாங்கிவிடாதீர்கள். நான் சொல்வது கைக்கு அடக்கமான, கனமான இரும்பு உருளை. பின்பக்கம் ஓர் அடி போட்டால் முனை ஸ்க்ரூவுக்குள் அழுந்தும், அதே நொடியில் கொஞ்சம் திரும்பவும் செய்யும். ஸ்டார் ஸ்க்ரூ மழுங்குவதே திருப்பும்போது முனை மேலே ஏறி வழுக்குவதால்தான். அந்த ஏற்றத்தை இந்த அடி தடுத்துவிடுகிறது.

அடிப்பதற்கு முன் அது கழற்றும் பக்கம் திரும்புகிறதா என்று கையில் வைத்தே பாருங்கள். இறுக்கும் பக்கம் வைத்துவிட்டு நாலு அடி போட்டவர்களை எனக்குத் தெரியும் (அதில் ஒருவன் நான்). முனையைக் குழியில் நேராக உட்காரவைத்து, உருளையைக் கழற்றும் திசையில் கையாலேயே முறுக்கிப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். பயந்து பயந்து தட்டினால் குழிதான் இன்னும் பெரிதாகும். ஒரு கிலோ சுத்தியலால் திடமாக ஓர் அடி போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஜாக்கியில் மட்டும் நின்றால் சுத்தியலைத் தொடவே வேண்டாம், ஸ்டாண்டு வைத்த பிறகுதான் இந்த வேலை.

முனையின் அளவும் முக்கியம். வீட்டில் இருப்பது பெரும்பாலும் 2-ஆம் நம்பர் ஸ்டார். டிஸ்க் ஸ்க்ரூ பல கார்களில் 3-ஆம் நம்பர். சின்ன முனையைப் பெரிய குழியில் போட்டுத் திருகித்தான் பாதிப் பேர் மண்டையைக் கெடுக்கிறார்கள். ஜப்பானிய வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் வரும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) ஸ்க்ரூ பார்வைக்கு பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது. மண்டை ஓரத்தில் சிறு புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் ஜேஐஎஸ்தான். அதற்கென்றே முனை தனியாக விற்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள்.

உங்கள் ஸ்க்ரூ ஏற்கெனவே மழுங்கிவிட்டதே என்றால், மண்டையின் மேல் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு தட்டுங்கள். பிதுங்கிய உலோகம் கொஞ்சம் உள்ளே படியும், துருவும் விட்டுக்கொடுக்கும். அப்புறம் முனையில் துளி வால்வு லேப்பிங் பேஸ்ட் (இன்ஜின் வால்வைத் தேய்த்துப் பொருத்தும் பசை) தடவிப் பாருங்கள், அதிலுள்ள பொடி பிடிப்புக் கொடுக்கும். ரப்பர் பேண்டை நடுவில் வைக்கும் வித்தை மர சாமான் ஸ்க்ரூவுக்குச் சரி, துருப்பிடித்த டிஸ்க்கில் எடுபடாது.

இதற்கும் அசையவில்லையா? டிஸ்க்கை எப்படியும் தூக்கிப் போடப்போகிறீர்கள், மண்டையையே டிரில் பண்ணிவிடுங்கள். நடுவில் சென்டர் பஞ்ச் (குறி போடும் கூரான இரும்புக் கம்பி) வைத்து ஒரு குறி, 3 மி.மீ. பிட்டால் சிறு துளை, பிறகு ஸ்க்ரூ தண்டைவிடச் சற்றுப் பெரிய பிட். 6 மி.மீ. ஸ்க்ரூ என்றால் 6.5. மெதுவான வேகத்தில், சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். மண்டை வளையம்போல் கழன்று பிட்டோடு சுற்றும். டிஸ்க்கை உருவினால் மீதித் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) கவ்வித் திருப்புங்கள். இறுக்கிப் பிடித்த மண்டை போய்விட்டதால் பெரும்பாலும் எளிதில் வந்துவிடும்.

கேள்வி: எக்ஸ்ட்ராக்டர் ஸ்க்ரூவுக்குள்ளேயே உடைந்துவிட்டது. கடையில் திருப்பித் தருவார்களா?

பதில்: கேட்டுப் பாருங்கள், ஆனால் நம்பி இருக்காதீர்கள். உடைகிற, தேய்கிற முனைகளுக்குப் பல கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை, அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். பணத்தைவிடப் பெரிய கவலை உள்ளே நிற்கும் துண்டு. எக்ஸ்ட்ராக்டர் கெட்டியான எஃகு, ஆனால் நொறுங்கும் குணம். சாதாரண டிரில் பிட் அதன்மேல் சறுக்கும். தீப்பொறியால் உலோகத்தை அரிக்கும் மெஷின் உள்ள பட்டறைதான் வழி. இனி வாங்குவதானால் இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டும் சேர்ந்த செட்டாகப் பாருங்கள். துளை போடும்போதே பல ஸ்க்ரூக்கள் அதோடு சுற்றி வெளியே வந்துவிடும், எக்ஸ்ட்ராக்டருக்கு வேலையே இருக்காது.

கேள்வி: டபிள்யூடி-40 அடித்தும் அசையவில்லை. வேறு ஸ்ப்ரே வாங்கணுமா?

பதில்: வாங்கலாம். அந்த நீல டப்பா 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. துருவுக்குள் ஊடுருவ 'பெனட்ரேட்டிங் ஆயில்' என்று போட்டதை வாங்குங்கள். அடித்துவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். குழிக்குள் தேங்கிய எண்ணெயைத் துடைத்த பிறகே முனையை வையுங்கள், இல்லையென்றால் அதுவே வழுக்கும். துடைக்க பிரேக் கிளீனர் அடித்திருந்தால் அந்த இடத்தில் தீயைக் காட்டவே காட்டாதீர்கள். பல ஸ்ப்ரேக்கள் பற்றிக்கொள்ளும், குளோரின் கலந்தவை சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவைக் கிளப்பும்.