தொழிலாளர்களின் துயரத்தைக் கதையாக எழுதினால் ஏதாவது மாறுமா?

கேள்வியில் நீங்கள் குறிப்பிடும் நாவல் அப்டன் சிங்கிளேரின் 'தி ஜங்கிள்'. சிகாகோ இறைச்சிக் கூடங்களைப் பற்றிய அந்தப் புத்தகம் அமெரிக்காவில் சட்டத்தையே கொண்டுவந்ததே, நம் ஊர் வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி அப்படி எழுதினால் ஏதாவது நடக்குமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். எழுதாதவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. நானும் ஒன்று எழுதினேன். ஒன்றே ஒன்று.

அந்த நாவலை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் படித்தேன். லிதுவேனியாவிலிருந்து பிழைக்கப் போன ஒரு குடும்பம். அதில் கிழவர் ஒருவர் வருகிறார், கதாநாயகனின் தகப்பனார். வேலை வாங்கித் தந்தவனுக்குக் கூலியில் மூன்றில் ஒரு பங்கை அழுகிறார். ரசாயனத் தண்ணீரில் நின்று பூட்ஸ் இற்றுப்போய்க் கால் புண்ணாகிறது. அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் அப்படிப் புண்ணான கால்களை நான் ராணிப்பேட்டையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அமெரிக்கர்களை உலுக்கியது கிழவரின் கால் இல்லை, அவர்கள் சாப்பிட்ட இறைச்சியில் என்ன கலந்திருந்தது என்பதுதான். 1906 பிப்ரவரியில் புத்தகம் வந்தது. ஜூன் 30-ஆம் தேதி இறைச்சிச் சோதனைச் சட்டமும் உணவு, மருந்துச் சட்டமும் கையெழுத்தாயின. வேலை நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் நாடு தழுவிய சட்டம் வர 1938 ஆயிற்று. நெஞ்சுக்குக் குறி வைத்தேன், தவறி வயிற்றில் பட்டுவிட்டது என்று சிங்கிளேரே நொந்துகொண்டார்.

இனி என் கதை. ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கணக்கு எழுதியவன் நான், 2019-இல் ஓய்வு பெற்றேன். எந்த டேனரி என்று கேட்காதீர்கள். தோல் தொழிலே கூடாது என்று பேசுகிறவனும் இல்லை. என் பிள்ளைகள் இருவரும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தார்கள்.

2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். 9 பேர் மேற்கு வங்கத்துக்காரர்கள். அன்று காலை முத்துக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடையில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். எத்தனை பேர் என்று பேசினார்கள், என்ன பெயர் என்று ஒருவரும் பேசவில்லை. எனக்கு அப்போது எங்கள் டேனரியின் மஸ்டர் ரோல், ஆள் வருகையும் வேலை நேரமும் எழுதும் நோட்டு, நினைவுக்கு வந்தது. வங்காளப் பெயர் வாயில் நுழையவில்லை என்று காண்ட்ராக்டர் எல்லோரையும் ராஜு என்பார். நானும் ராஜு 1, ராஜு 2, ராஜு 3 என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். எங்கள் சுவர் இடிந்திருந்தால் ஊருக்குத் தகவல் அனுப்ப அந்த நோட்டுதான் இருந்திருக்கும்.

அந்த உறுத்தலில் எழுதிய கதை 2016-இல் ஒரு சிற்றிதழில் வந்தது. சன்மானம் கிடையாது, ஆண்டுச் சந்தா கட்டினால்தான் பிரதி அனுப்புவோம் என்றார்கள். பக்கத்துக்குப் பக்கம் உழைப்புச் சுரண்டலைக் கண்டித்த இதழ் அது. இருக்கட்டும்.

வந்த வாசகர் கடிதங்கள் நான்கு. இனித் தோல் செருப்பே போட மாட்டேன் என்று ஒரு அம்மையார். டேனரிக் கழிவால் கெட்ட பாலாற்றைப் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம் என்று இரண்டு பேர். என் வயிற்றுக் கடிதங்கள் இவைதான். தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவது தவறு என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் மாமனாரின் தென்னந்தோப்பு பாலாற்றங்கரையில் உப்பேறிக் காய்ந்ததைக் கண்ணால் கண்டவன் நான். 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்து, டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டபோது மாமனார் தெருவுக்கே லட்டு கொடுத்தார். ஆனால் ஆறு எல்லோருக்கும் தெரிகிறது. தோலை ஊறப்போட்டுச் சுழற்றும் டிரம்மில் இருந்து ஈரத் தோலை இழுத்துப் போடுகிறவன் காம்பவுண்டுக்குள் இருக்கிறான்.

நான்காவது கடிதம் ஆம்பூரிலிருந்து, ஒரு பழைய தொழிலாளி எழுதியது. "சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். குழி போய் டிரம் வந்து எத்தனை காலம் ஆகிறது? ஐயா கணக்கு அறையை விட்டு வெளியே வந்ததில்லையோ?" அவருக்கு நான் பதில் போடவில்லை. உண்மையில், நான் வெளியே வந்ததில்லைதான்.

அவமானத்தில் ஒரு காரியம் செய்தேன். ராஜு 3, மேற்கு வங்கத்தில் மால்டா பக்கத்துப் பையன், அவனைச் சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டு உட்காரவைத்து, மேல்விஷாரத்து மேஸ்திரியை உருதுவில் சொல்லச் சொல்லிக் கதை முழுவதையும் படித்துக் காட்டினேன். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து வெளுத்திருக்கும், அதனால் சோற்றை ஸ்பூனில் சாப்பிடுவான். ஸ்பூனைக் கீழே வைக்காமல் கேட்டான். காட்பாடி பிளாட்பாரத்தில் ஹவுரா ரயிலைப் பார்த்து அவன் அழும் இடம் வந்தது. எனக்கே பிடித்த இடம், இரண்டு முறை திருத்தி எழுதியது.

அவன் சிரித்துவிட்டான். "பாபு, நான் எப்போது காட்பாடிக்குப் போனேன்? காலை எட்டு முதல் இரவு எட்டு வரை இங்கேதானே இருக்கிறேன்?"

மேஸ்திரியும் சிரித்தார். பிறகு அவன் கேட்டதை மேஸ்திரி உடனே தமிழில் சொல்லவில்லை, கொஞ்சம் தயங்கினார். "ஓவர்டைம் பணம் கதையில் வருகிறதா என்று கேட்கிறான்."

வரவில்லை. அழுகை வந்தது, அம்மா வந்தாள், மழை வந்தது, மஸ்டர் ரோல் வரவில்லை. பன்னிரண்டு மணி நேர வேலையை எட்டு என்று எழுதிய கை என்னுடையது. எழுதச் சொன்னவர்கள் வேறு, அதையும் இங்கே பதிவு செய்கிறேன், என் தலையில் மட்டும் யாரும் கட்ட வேண்டாம். ஆனால் பேனா என்னிடம் இருந்தது. பகலில் எட்டு என்று எழுதிவிட்டு இரவில் அவனுக்காகக் கண்ணீர்க் கதை எழுதியிருக்கிறேன்.

வடக்கிலிருந்து வந்து இவர்கள் கூலியைக் கெடுக்கிறார்கள் என்று சிலர் பின்னூட்டத்தில் கிளம்புவீர்கள். கூலியைக் குறைப்பவன் காண்ட்ராக்டர். என் தாத்தா வாலாஜாவிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். வட ஆற்காட்டில் அப்படிப் போன குடும்பங்கள் எத்தனை! அங்கே நாம்தான் ராஜு.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை எங்கும் வங்காளத்தில் போர்டு உண்டு. மீன் குழம்பும் அவர்கள் ருசிக்கே கிடைக்கும். நோயாளியாக வருகிற வங்காளிக்காக நாம் எழுத்தே கற்றுக்கொண்டோம். நான் வேலை பார்த்த டேனரியில் ரசாயன அறைக் கதவில் 'அபாயம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் எழுதியிருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. எழுதுவதற்கு முன் அதைப் படியுங்கள், என்னைப் போலக் கணக்கு அறையிலிருந்து எழுத மாட்டீர்கள். உங்கள் ஆள் எத்தனை மணிக்கு உள்ளே போகிறான், எத்தனை மணிக்கு வெளியே வருகிறான், கையில் எவ்வளவு வாங்குகிறான் என்று கதையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அன்று சாப்பாட்டு வேளை முடிவதற்குள் அந்த இதழின் பின்னட்டையில் பென்சிலால் கணக்குப் போட்டேன். நாள் கூலி 300. மணிக்கு 37 ரூபாய் 50 பைசா. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, 75. நாளுக்கு நான்கு மணி வீதம் 26 நாள், 104 மணி. ஆக, 7,800. சாப்பாட்டுக் காசு என்று காண்ட்ராக்டர் கொடுத்தது 1,500. மீதி 6,300, ஒரு மாதத்துக்கு மட்டும். அவன் அந்த எண்ணைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். அடுத்த பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. மஸ்டரில் ராஜு 3 இடத்தில் வேறு ஒருவன் வந்தான். இதழ் என் அலமாரியில் இருக்கிறது, பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை.