பசியில் இட்ட கையெழுத்து

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கனடா அரசு நிலத்துக்காகப் பூர்வகுடிகளோடு செய்துகொண்ட, ஒன்று, இரண்டு என எண்ணிட்ட ஒப்பந்தங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அவற்றில் பூர்வகுடிகள் ஏமாற்றப்பட்டார்கள் என்கிறீர்கள். ஆனால் பல குடிகள் ஒப்பந்தம் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத் தாமே வந்து இணைந்திருக்கின்றனவே? அதன் நன்மை தீமைகளைக் கண்கூடாகப் பார்த்த பின் இணைந்தவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கண்கூடாகப் பார்த்த பின் இணைந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் பார்த்தது எதை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆறாம் ஒப்பந்தம் 1876இல் மேற்குக் கனடாவின் கார்ல்டன் கோட்டையிலும் பிட் கோட்டையிலும் கையெழுத்தானது. பெருங்கரடி என்று பொருள்படும் மிஸ்டஹிமஸ்குவா என்ற, கிரீ எனும் பூர்வகுடியின் தலைவர் அப்போது கையெழுத்திட மறுத்து, அரசு சொன்னபடி நடந்துகொள்கிறதா என்று பொறுத்திருந்து பார்த்தார். 1879க்குள் கனடாவின் சமவெளியிலிருந்து காட்டெருமைகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. இறைச்சி, கூடாரத் தோல், குளிருக்குப் போர்வை என எல்லாவற்றையும் அந்த விலங்கிடமிருந்தே பெற்ற மக்கள், காவல் படையின் நிலையமான வால்ஷ் கோட்டையைச் சுற்றிப் பட்டினி கிடந்தார்கள். ஒப்பந்தத்தில் சேராதவர்களுக்கு உணவுப் படி இல்லை என்றது அரசு. 1882 டிசம்பர் 8 அன்று பெருங்கரடி, ஒப்பந்தத்தில் பின்னர் சேர்பவர்களுக்கான இணைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்றுண்டு. பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால் அரசு உதவ வேண்டும் என்ற விதியை 1876இல் வாதாடிப் பெற்றவர்கள் கிரீ தலைவர்களே. அதே பஞ்சம் வந்தபோது, அந்த விதிக்குள் வராத தம் உறவினர்களின் கையெழுத்தைப் பெறுவதற்கான கருவியாக உணவு மாறிப்போனது.

பின்னர் இணைபவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதால் ஒரு சொல்லையும் அவர்களால் மாற்ற முடியாது. நிலத்தை முற்றாக விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் வாசகத்தை எழுதியபடியே ஏற்க வேண்டும். தாங்கள் பங்கிடச் சம்மதித்தது ஏர் இறங்கும் ஆழம் வரை மட்டுமே என்று கிரீ முதியோர் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். பத்திரத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

ஆயினும் இணைவு என்றாலே வஞ்சனை என்று நான் எழுத மாட்டேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மெக்லியோட் லேக் மக்கள், 1899ஆம் ஆண்டின் எட்டாம் ஒப்பந்தத்தில் தங்களுக்கும் நில உரிமை உண்டு என்று நீண்ட காலம் வழக்காடி, 2000இல் நிலமும் இழப்பீடும் அடங்கிய உடன்பாட்டோடு அதில் இணைந்தார்கள். நீங்கள் சொல்வதுபோல் அது தெரிந்து எடுத்த முடிவுதான். அவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், பேரம் பேச அவகாசம் இருந்தது, மறுத்தால் குழந்தைகள் பட்டினி கிடக்க வேண்டிய நிலை இல்லை.

பெருங்கரடிக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. 1885இல் மேற்குக் கனடாவில் அரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிக்குப் பின் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நோயுற்று விடுவிக்கப்பட்ட அவர் 1888 ஜனவரியில், கையெழுத்திட்டதற்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டிய, குடிகள் வாழ அரசு ஒதுக்கும் நிலம் தம் பெயரில் அமையாமலேயே இறந்தார்.

அன்புடன்.